மறுக்கப்படுவது எது?

உத்தரகோசமங்கையில் ஒரு வீட்டுத் திண்ணையில் போய் உட்கார்ந்தால், கேட்குமுன்பே செம்பில் தண்ணீர் வந்துவிடும். கூடவே, "இருந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க" என்று உள்ளிருந்து குரல் வரும். நகரத்தில் படித்த பிள்ளை "நோ தேங்க்ஸ், ஐ ஆம் ஃபைன்" என்கிறான். பள்ளிக்கூடம் சொல்லித்தந்த மரியாதை அது. அதில் குற்றம் காண ஒன்றுமில்லை. ஆனாலும் அழைத்தவள் முகம் சற்று வாடிப்போகிறது. பக்கத்தில் இருக்கும் பெரியவர், "வயிறு நெறஞ்சு கெடக்கு ஆத்தா, கொஞ்சம் மோர் இருந்தாக் குடு" என்கிறார். இருவரும் மறுத்தது ஒரே சோற்றைத்தான். பெரியவர் மறுத்ததில் அந்த வீட்டுக்கு வருத்தமில்லை.

தண்ணியில்லாக் காடு என்று பெயர் வாங்கிய இந்த இராமநாதபுரச் சீமையில் ஒரு செம்புத் தண்ணீரே பெரும் உபசாரம். அதோடு, இன்னார் வீட்டில் இன்னார் கைநனைக்க மாட்டார் என்கிற கொடுமையை நெடுங்காலம் சுமந்த மண் இது. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளையைக் கண்ட தலைமுறை இன்னும் நம்மோடு வாழ்கிறது. அப்படிப்பட்ட இடத்தில் 'வேண்டாம்' என்ற சொல் பசியில்லை என்பதோடு நின்றுவிடாது. என் சோறு வேண்டாமா, நானே வேண்டாமா என்ற கேள்வி கேட்பவர் நெஞ்சில் எழுந்தே தீரும். பெரியவர் கேட்டு வாங்கிய மோர் அதற்கான பதில். வள்ளுவர் விருந்தோம்பலை அடுத்து இனியவை கூறலை வைத்த வரிசையை இங்கே நினைத்துக்கொள்ளலாம்.

ஆங்கிலத் தொடர்களை நாம் பழிக்க வேண்டியதில்லை. சிங்கப்பூருக்கும் வளைகுடாவுக்கும் பிழைக்கப் போகும் நம் பிள்ளைகளுக்கு அவை வேண்டும். 'நோ'வை ஒட்டி வரும் அந்த 'தேங்க்ஸ்'தான் ஆங்கிலம் பேசுவோர் கேட்டு வாங்கும் மோர். ஆனால் மனப்பாடமாக வரும் நன்றியில் மனம் வருவதில்லை; சொன்னவன் தன் கடமை முடிந்ததென்று நகர்ந்துவிடுகிறான். தேற்றும் சொல்லுக்கும் இதே கதிதான். கைதவறிக் குழம்பைக் கொட்டிவிட்டுக் கூசி நிற்கும் பெண்ணிடம் கைப்பேசியைப் பார்த்தபடியே 'இட்ஸ் ஓகே' என்பவனும், கூடவே குனிந்து தரையைத் துடைத்துக்கொண்டு அதையே சொல்பவனும் ஒன்றாவார்களா? முன்னவன் அவளை அவளுடைய கூச்சத்தோடு தனியே விட்டுவிடுகிறான். பின்னவன் அந்தக் கூச்சத்தில் பாதியைத் தான் ஏற்றுக்கொள்கிறான்.

அப்படித் தனியே விடப்படும் அச்சம் பழையது. மாணிக்கவாசகரின் நீத்தல் விண்ணப்பம் உத்தரகோசமங்கை இறைவனிடம் வைத்த முறையீடு. ஐம்பது பாடல்களிலும் அவர் அஞ்சுவது ஒன்றுக்குத்தான்: தன்னைக் கைவிட்டுவிடக் கூடாதே என்று. தன் குற்றங்களையெல்லாம் எடுத்துச் சொல்லிக்கொண்டே, அவற்றுக்காக என்னை விட்டுவிடாதே என்று மன்றாடுகிறார். பெரும் ஞானியிடம் இவ்வளவு வெளிப்படையாக இருக்கும் இந்த அச்சம், சோறு வேண்டாமென்ற பதிலைக் கேட்ட அந்த வீட்டுக்காரியிடமும், வேலை இல்லையென்று திருப்பி அனுப்பப்படும் இளைஞனிடமும், கடன் கேட்டு வெறுங்கையோடு திரும்பும் உறவினரிடமும் வாய்விட்டுச் சொல்லப்படாமல் இருக்கிறது என்று உணரும்போதுதான், மறுப்பவர் கையில் எத்தனை பெரிய பொறுப்பு இருக்கிறதென்பதும், பொருளை மறுக்க நமக்கு உரிமை உண்டெனினும் அதை நீட்டிய மனிதரை மறுக்க எந்நாளும் உரிமை இல்லை என்பதும், இந்த இரண்டையும் பிரித்துக் காட்டும் வேலைக்காகவே எல்லா மொழிகளிலும் பணிவான சொற்கள் பிறந்தன என்பதும் நமக்கு விளங்குகின்றன.

இன்று ஆங்கிலப் பேச்சுப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அனுப்பும் வீடுகள் கிராமங்களிலும் பெருகிவிட்டன. அனுப்பட்டும். விடுமுறையில் அதே பிள்ளைகளைச் சொந்தக்காரர் வீடுகளுக்கும், அதைவிட முக்கியமாக, நாம் இதுவரை கைநனைக்காத வீடுகளுக்கும் அழைத்துப் போய்ப் பக்கத்தில் உட்காரவைக்கும் வேலை பெற்றவர்களுடையது. அதை எந்தப் பயிற்சி வகுப்பும் நமக்காகச் செய்து தராது.