பெரட்டுக்களத்தில் நின்றவனின் கேள்வி

மோனையில் மூன்று தலைப்பு கிடைத்துவிட்டால் பிரசங்கம் தயார் என்பது தமிழ்ச் சபைகளில் ஊறிப்போன நம்பிக்கை. மத்தேயு 20-ஆம் அதிகாரத்தின் திராட்சத்தோட்ட உவமையை எடுத்து ‘அழைப்பு, அலுப்பு, அருள்’ என்று பிரித்துக்கொண்டால் போதும். தலைப்புக்குப் பத்து நிமிடம், நடுவே இரண்டு சாட்சி, முடிவில் ஒரு பாட்டு என்று நேரம் நிறைந்துவிடும். கேட்டவர் வீட்டுக்குக் கொண்டுபோவதும் அந்த மூன்று சொற்களைத்தான், அவற்றுக்குள் என்ன இருந்தது என்பதை அல்ல. தலைப்பு கண்ணுக்கானது. தாளில் வரிசையாகப் பார்த்தால் ஒழுங்கு தெரியும். காதுக்கோ பின்னால் புரட்டிப் பார்க்கப் பக்கம் கிடையாது. ஒரு கேள்வி எழுந்து, இறுகி, பிறகு அவிழ்கிற ஓட்டத்தைக் காது பின்தொடரும். ஆகவே பிரசங்கத்துக்கு முதலில் வேண்டியவை ஒரே வேதபகுதி, அதிலிருந்து எழும் ஒரே கேள்வி, சபை அதைத் தன் கேள்வியாக உணரும்வரை பதிலைச் சொல்லாமல் வைத்திருக்கும் பொறுமை.

மலேசியாவின் ஜொகூரில் இந்தத் தேவை கூடுதலாகவே உண்டு. 2014 முதல் 2024 முடியும்வரை மாநிலத்தின் வார விடுமுறை வெள்ளியும் சனியுமாக இருந்தது. ஞாயிறு பள்ளிக்கும் அரசு அலுவலகத்துக்கும் வேலைநாள். 2025 ஜனவரி 1 முதல்தான் சனி, ஞாயிறு திரும்பி வந்தன. விடுமுறை திரும்பியதே தவிர, ஓய்வு அவ்வளவாகத் திரும்பவில்லை. பாசிர் கூடாங் தொழிற்சாலையில் இரவு ஷிஃப்ட் முடித்து வந்தவரும், திங்கள் விடியுமுன் பாலம் கடந்து சிங்கப்பூர் போக வேண்டியவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். மொழியும் ஒரே சீராக இல்லை. பாட்டிக்குப் பழைய வேதாகமத் தமிழ் தண்ணீர் பட்ட பாடு. பேரன் தமிழ்ப்பள்ளியில் ஆறாண்டு படித்துவிட்டு மலாய்வழி இடைநிலைப்பள்ளிக்குப் போனவன். ‘கிருபாசனம்’ என்ற சொல் ஒருவருக்கு உருக்கம், மற்றவருக்கு வெறும் ஓசை. இத்தனை பேரையும் ஒரு நூலில் கோக்கச் சொல்வளம் மட்டும் உதவாது. கேட்பவர் ஐந்து சொற்களைத் தவறவிட்டாலும் எங்கே நிற்கிறோம் என்று அவருக்குத் தெரியும்படி கேள்வி ஒன்றாக இருக்க வேண்டும்.

அதே உவமையை அப்படி எடுத்துப் பார்க்கலாம். விடியற்காலையில் வந்தவனுக்கும் வேலை முடிய ஒரு மணி நேரம் இருக்கும்போது வந்தவனுக்கும் எஜமான் ஒரே கூலி கொடுக்கிறான். குளுவாங், சிகாமாட், கூலாய்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் பால் வெட்டியவர்களின் பிள்ளைகளுக்கு இந்தக் கதையில் அந்நியமான பாத்திரம் எதுவும் இல்லை. தோட்டத்து ஆட்கள் காலையில் கூடும் பெரட்டுக்களத்தில் இருட்டோடு பெயர் கொடுத்து நின்றவர்கள் அவர்களின் பாட்டன்மார். ஆள் பிரித்த கங்காணியையும் கணக்கு எழுதிய கிராணியையும் பற்றி இந்தப் பிள்ளைகள் வீட்டில் கேட்டு வளர்ந்தவர்கள். ஆகையால் பிரசங்கி முதலில் எஜமானின் தாராளத்தைப் புகழக் கூடாது. முணுமுணுத்தவர்கள் பக்கம் நிற்க வேண்டும். நாள் முழுக்க வெயிலில் காய்ந்தவன் கேட்டதில் என்ன தப்பு? இந்தக் கேள்வியைக் கூலிக்குறைப்பு, ஓவர்டைம், 1950-களிலும் 60-களிலும் தோட்டங்களைத் துண்டுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடலில் வேலையையும் வீட்டையும் சேர்த்து இழந்த குடும்பங்கள் என்று சபை அறிந்த நியாயங்களால் கனமாக்க வேண்டும். நேரத்தில் பாதிக்கு மேல் இதற்கே போனாலும் நஷ்டமில்லை. திருப்பம் உவமைக்குள்ளேயே இருக்கிறது. ஏன் நாளெல்லாம் சும்மா நிற்கிறீர்கள் என்று கேட்டபோது, எங்களை யாரும் வேலைக்குக் கூப்பிடவில்லை என்கிறார்கள் கடைசியில் வந்தவர்கள். கங்காணி கழித்துவிட்ட ஆட்கள் அவர்கள்: வயதானவரோ, நோயாளியோ, ஊருக்குப் புதியவரோ. அன்றைய பாலஸ்தீனத்தில் அந்தக் கூலி ஒரு குடும்பத்தின் ஒருநாள் சாப்பாடு. கழிக்கப்பட்டவன் வீட்டிலும் இரவு உலை வைத்தாக வேண்டும். அதுவரை நீதி கேட்டவன் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்த சபை, அப்போதுதான் இன்னொருவனின் அடுப்பைப் பார்க்கும். கேள்விக்கு முன்னே பதிலைச் சொல்லிவிட்டால் இந்தத் திரும்பல் நடக்காது.

ஒரே கேள்வியைப் பின்தொடரும் இந்தப் பிரசங்க முறையை மேலைநாட்டு இறக்குமதி என்று சொல்ல முடியாது. தமிழில் பிரசங்கத்தின் கதையே கொடுக்கல் வாங்கல் கதை. யாழ்ப்பாணத்தில் வெஸ்லியன் மிஷன் பள்ளியில் படித்து, மிஷனரி பீற்றர் பேர்சிவலுக்கு வேதாகம மொழிபெயர்ப்பில் துணைநின்ற ஆறுமுக நாவலர், 1847 டிசம்பர் 31 வெள்ளிக்கிழமை வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் சைவப் பிரசங்கத்தைத் தொடங்கினார். பாதிரிமாரிடம் பார்த்த வடிவம் பாதிரிமாருக்கு எதிராகவே திரும்பியது. அதே யாழ்ப்பாணத்திலிருந்து மலாயாவுக்கு எழுத்தர்களாகவும் ரயில்வே ஊழியர்களாகவும் வந்தவர்களோடு மெதடிஸ்ட் மரபும் வந்தது. நவீன மேடைத்தமிழின் வேர்களில் ஒன்று புராட்டஸ்டண்ட் பிரசங்கம் என்று ஆய்வாளர் பெர்னார்ட் பேட் வாதிட்டிருக்கிறார். வேடிக்கை என்னவென்றால், பிரசங்கபீடத்திலிருந்து மேடைக்குப் போனது, அடுக்குமொழியும் ஏற்ற இறக்க முழக்கமும் பூசிக்கொண்டு மறுபடி பீடத்துக்கே வந்துவிட்டது. குரல் உச்சிக்கு ஏறியதும் கைதட்டல் வரும். எதற்காக ஏறியது என்பது யாருக்கும் நினைவிருக்காது. (பக்கத்தில் இருப்பவரைப் பார்த்துச் சொல்லுங்கள் என்று நாலு நிமிடத்துக்கு ஒருமுறை கேட்பதும் இந்த வகைதான், வாதம் தொய்ந்த இடத்தில் முட்டுக்கொடுப்பது.) கேள்வி இறுகும் இடத்தில் குரல் தாழ்ந்தால்தான் காது கூர்மையாகும்.

இவ்வளவு திட்டமிட்டால் பரிசுத்த ஆவியானவருக்கு இடம் எங்கே என்பது பக்தியிலிருந்து வரும் எதிர்ப்பு. சொல்வன்மையோடு வரவில்லை என்று பவுலே கொரிந்தியருக்கு எழுதினாரே! ஆனால் அதே பவுல் ஏதென்ஸில், அறியப்படாத தெய்வத்துக்கு என்றிருந்த பலிபீடத்தில் பேச்சைத் தொடங்கி, அவ்வூர்க்காரர் அறிந்த கவிஞர்களின் வரிகள் வழியாக நகர்ந்தார். சொல்வன்மை என்று அவர் ஒதுக்கியது பேசுபவனை முன்னிறுத்தும் பகட்டை. கேட்பவனுக்காகச் செய்யும் ஒழுங்கை அல்ல. பேச்சுக்கலை ஆசிரியராக இருந்த அகஸ்டின், கிறிஸ்தவப் போதனை பற்றிய தம் நூலின் நான்காம் பகுதியில், பொய் பேசுவோர் திறமையாகப் பேச, மெய் பேசுவோர் ஏன் சலிப்பூட்ட வேண்டும் என்ற போக்கில் வாதாடுகிறார். ஒரே கேள்வி என்றால் உபதேசம் மெலிந்துபோகாதா என்பது இதைவிட வலுவான எதிர்ப்பு. உண்மைதான், விசுவாசப் பிரமாணத்தைக் கற்பிக்கும்போது வரிசையும் பிரிவும் வேண்டும். அதற்கு வேதபாட வகுப்பும் திடப்படுத்தல் வகுப்பும் இருக்கின்றன. ஞாயிறு பீடத்தில் அந்த வேலையையும் ஏற்றினால் இரண்டுமே கெடும்.

நீளத்தைப் பற்றித்தான் அதிகம் சண்டை. எனக்கு அது இரண்டாம்பட்சம். மறையுரை எட்டு நிமிடத்தைத் தாண்டக் கூடாது என்று போப் பிரான்சிஸ் 2024 ஜூனில் சொன்னார். துரோவாவில் பவுல் நள்ளிரவுவரை பேச, ஐத்திகு தூங்கி மூன்றாம் மாடியிலிருந்து விழுந்தான். அவனை எழுப்பிய பிறகும் பவுல் விடியும்வரை பேசினார் என்பதை நம் போதகர்கள் முன்மாதிரியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. கேள்வி உயிரோடிருந்தால் முப்பது நிமிடம் தாங்கும், செத்துவிட்டால் எட்டு நிமிடமும் நீளம். எங்கே நிறுத்துவது என்பதையும் வேதபகுதியே காட்டும். திராட்சத்தோட்டக் கதை, நான் தாராளமாயிருப்பது உனக்குப் பொறாமையா என்று எஜமான் கேட்கும் இடத்தில் நின்றுவிடுகிறது. முணுமுணுத்தவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்று மத்தேயு எழுதவில்லை. அந்த மௌனத்துக்குப் பிறகு, ஆகவே பிரியமானவர்களே, இன்று நாம் கற்றுக்கொள்ளும் மூன்று காரியங்கள் என்று ஆரம்பிக்கிறவர், திங்கட்கிழமை பேருந்தில் ஒருவர் யோசித்துக்கொண்டே போயிருக்க வேண்டியதைத் தாமே பீடத்தில் செலவழித்துவிடுகிறார்.