அடக்கம்

“உங்க அக்கா பொண்ணு இருக்கிற எடமே தெரியாது, அவ்ளோ அடக்கம்.” பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருப் பெண்கள் இப்படிச் சொல்லும்போதெல்லாம் மகிழ்ந்திருக்கிறேன். அவளுக்கு 15 வயது. ஆட்டிசம் உள்ளவள்.

தறியடியில் கிடக்கும் பட்டுநூல் துண்டுகளை நிறம் பிரித்து அடுக்குவதுதான் அவள் உலகம். போன வருஷம் அதை விட்டுவிட்டாள். சோறு இறங்கவில்லை. இரவெல்லாம் விழித்திருந்து கையைக் கடித்துக்கொண்டாள். “என்னமோ சரியில்லடி” என்றாள் அக்கா. “பெரியவளாயிட்டா, வெளையாட்டு விட்டுப்போச்சு” என்றார் அம்மா. நானும் தலையாட்டினேன். பெண்களின் மௌனத்தைப் பற்றி வகுப்பெடுக்கிறவள் நான்.

ஆட்டிசம் வேறு, மனச்சோர்வு வேறு. முன்னது பிறவி இயல்பு. பின்னது இடையில் வந்து சேர்வது, சிகிச்சையால் தணியக்கூடியது. நாமோ எல்லாவற்றையும் ஆட்டிசத்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம். தன் உணர்ச்சிக்குப் பெயர் சொல்லத் தெரியாத பிள்ளையிடம் “வருத்தமா இருக்கியா?” என்று கேட்டுப் பயனில்லை. அவள் எதைக் கைவிட்டாள், தூக்கமும் சாப்பாடும் எப்படி மாறின என்று பார்க்க வேண்டும்.

பெண்பிள்ளைகளிடம் இது இன்னும் மறைந்துபோகிறது. 1943இல் லியோ கானர் ஆட்டிசம் பற்றி எழுதிய கட்டுரையில் இருந்த 11 குழந்தைகளில் 3 பேர்தான் பெண்கள். மற்றவர்களைப் பார்த்து நடந்து, தன் பதற்றத்தை விழுங்கிக்கொள்ளப் பல பெண்பிள்ளைகள் பழகிவிடுகிறார்கள். அந்தப் பாடே அவர்களை நோயில் தள்ளுகிறது. நாம் அதற்கு அடக்கம் என்று பெயர் வைத்துப் பாராட்டுகிறோம்.

பழியோ தாய்க்கு. தாயின் அன்பின்மையே ஆட்டிசத்துக்குக் காரணம் என்று புருனோ பெட்டல்ஹைம் 1967இல் புத்தகமே எழுதினார். அறிவியல் அதைத் தள்ளிவிட்டது. தெரு இன்னும் தள்ளவில்லை. “கண்டிச்சு வளக்கத் தெரியல” என்று அக்காவைத்தான் சொன்னார்கள்.

வாய்விட்டுச் சொல்லாத துயரத்தை நம்பும் கடமை நமக்கு உண்டா? உண்டு என்கிறேன். சாட்சி சொன்னால்தான் நம்புவோம் என்ற நிபந்தனையால் காலங்காலமாகக் காயப்பட்டவர்கள் பெண்கள். அதே நிபந்தனையை ஒரு சிறுமிக்கு நாமே விதிக்கலாமா?

அக்காதான் விடாமல் மனநல மருத்துவரிடம் அழைத்துப்போனாள். சிகிச்சை நடக்கிறது. நூல் துண்டுகள் மறுபடியும் திண்ணைக்கு வந்திருக்கின்றன. கூட்டம் பிடிக்காவிட்டால் இப்போது “வேணாம் சித்தி” என்று கத்துகிறாள். அடக்கம் போய்விட்டது என்கிறார்கள்.

போகட்டும்.