பணிவிடையும் நீதியும்

பெற்ற மகனையே அடையாளம் அறியாத தந்தைக்குச் செய்யும் பணிவிடைக்குப் பொருள் உண்டா? ஈரானிய இயக்குநர் அஸ்கர் ஃபர்ஹாதி 2011-இல் அளித்த ‘நாதிர் – சிமீன் பிரிவு’ என்னும் திரைப்படம் இவ்வினாவை நம்முன் வைக்கின்றது. அவருக்கு நீர் மகனென்றே தெரியாதே என்கிறாள் மனைவி. அவர் தந்தையென்று எமக்குத் தெரியுமே என்கிறான் நாதிர். மறதி நோயுற்ற முதியவரைக் குளிப்பாட்டுகையில் அவர் முதுகில் சாய்ந்து விம்முகிறான். நாதிராக நடித்த பேமான் மொஆதி அவ்விடத்தில் வசனத்தை நாடவில்லை. நம் நெஞ்சு கரைகின்றது. அவ்வாண்டு பெர்லின் விழாவில் இப்படத்தின் நடிகர்களுக்கும் நடிகையருக்கும் கூட்டாக வெள்ளிக்கரடி விருதுகள் வழங்கப்பெற்றன.

ஆயினும் கதை அத்துடன் நிற்கவில்லை. கூலிக்கு வந்த ரஸியா, ஆடை நனைத்துக்கொண்ட முதியவரைத் தூய்மை செய்வது பாவமாகுமோ என அஞ்சித் தொலைபேசியில் மார்க்கத் தீர்ப்புக் கேட்கிறாள். சாரே பயாத்தின் முகத்தில் அச்சமும் இரக்கமும் ஒருங்கே தோன்றுகின்றன. கருவுற்றிருந்த அவள் ஒருநாள் முதியவரைக் கட்டிலோடு கட்டிவிட்டு வெளியே சென்றது தவறே. அதற்காக நாதிர் அவள்மீது செய்யாத திருட்டையும் சுமத்தி, வாயிலுக்கு வெளியே தள்ளுகிறான்.

தந்தையிடம் காட்டிய கருணை, பணிப்பெண்ணுக்கு இழைத்த கொடுமையை ஈடுசெய்யுமா? செய்யாது. நம் இல்லத்து முதியோரின் படுக்கையைத் தூய்மை செய்யும் கரம் கூலிக்கு வந்ததாயினும், அதற்குரிய கண்ணியத்தைக் காப்பதும் பெற்றோருக்கு நாம் ஆற்றும் கடமையின் பகுதியேயாம்.