எடை போடப்படும் பெண்

ஹெலன் ஃபீல்டிங்கின் ‘பிரிட்ஜெட் ஜோன்ஸின் டைரி’, 1995இல் லண்டன் ‘இண்டிபெண்டன்ட்’ நாளிதழில் பத்தியாகத் தொடங்கி, 1996இல் நாவலானது. ஜேன் ஆஸ்டின் 1813இல் வெளியிட்ட ‘பிரைட் அண்ட் பிரெஜுடிஸ்’ அதன் கதைக்கு அடித்தளம். முப்பது வயதைக் கடந்தும் மணமாகாத பிரிட்ஜெட், டைரியின் பெரும்பாலான நாட்களை எடை, மது, சிகரெட், கலோரிக் கணக்கோடு தொடங்குகிறாள். முதல் நாள் எடை சுமார் 58 கிலோ. அது பெரிய எடையல்ல என்று வாசகருக்குத் தெரிகிறது, அவளுக்குத்தான் தெரியவில்லை. நாவலின் சிரிப்பு அந்த இடைவெளியில் பிறக்கிறது. கேலிக்கு உள்ளாவது அவள் உடல் அல்ல, அவள் கையிலிருக்கும் அளவுகோல்.

தமிழில் இதற்கு நெருக்கமானது, பிரகாஷ் கோவேலமுடி இயக்கி 2015இல் வெளிவந்த ‘இஞ்சி இடுப்பழகி’ திரைப்படம். அனுஷ்கா இதற்காகவே எடை கூட்டி நடித்தார். பருமனைக் காரணம் காட்டி வரன்கள் தட்டிப்போகும் பெண், பிற்பாதியில் மோசடியான உடல் இளைப்பு நிலையத்தை எதிர்த்து நிற்கிறாள். பிரிட்ஜெட்டுக்குத் தன் மனம்தான் முதல் எதிரி. இவளுக்கோ கல்யாணச் சந்தையும் மெலியவைக்கும் வியாபாரமும். தமிழ்க் குடும்பங்களில் பெண்ணின் எடை அவளது அந்தரங்கக் கவலையாக மட்டும் இருப்பதில்லை. சொந்தபந்தம் முழுவதும் அதைப் பேசுகிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் போன்ற தொழிற்பேட்டைகளில் இந்தப் பேச்சின் முரண் கூர்மையாகத் தெரிகிறது. கம்பெனி பஸ்ஸிலோ புறநகர் ரயிலிலோ வேலைக்குப் போய் வரும் பெண்ணின் சம்பளம் வீட்டுக் கடனையும் தம்பியின் படிப்பையும் தாங்குகிறது. ஆனால் பெண் பார்க்க வருபவர்கள் நிறத்தையும் உடல்வாகையும்தான் முதலில் பார்க்கிறார்கள். நைட் ஷிப்ட் உறக்கத்தையும் சாப்பாட்டு நேரத்தையும் குலைக்கிறது; எடை ஏற அதுவும் ஒரு காரணம். பழி மட்டும் அவள் வாய்மீது விழுகிறது.

உடல்நலக் கவலை வேறு. ஆசியர்களுக்கு உடல் நிறை குறியீடு 23ஐ எட்டும்போதே கவனம் தேவை என்று உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2004இல் பரிந்துரைத்தது. 155 செ.மீ. உயரமுள்ளவருக்கு அது சுமார் 55 கிலோ. சர்க்கரை நோயையும் இதய நோயையும் முன்கூட்டியே கவனிக்க அந்த எண் உதவும். அழகுக்கோ திருமணத் தகுதிக்கோ அது அளவு அல்ல. ஆணுக்கும் பெண்ணுக்கும் அது ஒன்றுதான்.

உடம்புக்கு ஏற்ற எடையை மருத்துவர் சொல்லலாம். கல்யாணத்துக்கு ஏற்ற எடை என்று ஒன்று கிடையாது.