வானத்தைத் தேடும் பிள்ளைகளும் எட்டாம் கற்பனையும்



இக்காலத்தில் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகளை நாலைந்து பேராகப் பிரித்து, இணையதளத்தில் வானசாஸ்திரச் செய்திகளைத் தேடி எழுதிவரச் சொல்லுகிறார்கள். செல்போனில் என்ன படிப்பு என்று சில தாய்மார் சலித்துக்கொள்ளுகிறார்கள். விஞ்ஞானம் படித்தால் விசுவாசம் போய்விடுமோ என்று வேறு சிலர் அஞ்சுகிறார்கள். சர்வேசுரன் படைத்ததை அறிய முயல்வதால் விசுவாசம் கெடாது. ஆனால் அதைச் சரியாக அறிய வேண்டும். பொய்ச்சாட்சி சொல்லலாகாது என்னும் எட்டாம் கற்பனை இந்தப் பள்ளிக்கூட வேலைக்கும் உண்டு.

சனிக்கிரகத்துக்கு எத்தனை சந்திரர்கள் என்று ஒரு குழு தேடுவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு பிள்ளை 82 என்கிறான். இன்னொருத்தி 146 என்கிறாள். மூன்றாமவன் 274 என்று சாதிக்கிறான். இவர்களில் யார் பொய்யர்? ஒருவருமில்லை. 2019-ல் அறியப்பட்டவை 82. 2023-ல் அத்தொகை 146 ஆயிற்று. 2025 மார்ச்சில் இன்னும் 128 சேர்ந்து 274 ஆயிற்று. அந்தச் சந்திரர்கள் முன்பும் அங்கேதான் இருந்தன. மனிதர் இப்போதுதான் கண்டார்கள். ஆகையால் எழுதப்பட்ட தேதியைப் பாராமல் கூட்டாளியைப் பொய்யனென்று தீர்ப்பிடலாகாது.

இன்னொரு திருஷ்டாந்தம் கேளுங்கள். 2003 ஆகஸ்டு 27-ல் செவ்வாய்க்கிரகம் பூமிக்கு ஏறக்குறைய 5 கோடியே 58 லட்சம் கிலோமீட்டர் தூரத்தில் வந்தது. 75 மடங்கு பெரிதாக்கும் தொலைநோக்கியில் பார்த்தால், வெறுங்கண்ணுக்கு முழுநிலா தெரியும் அளவுக்குச் செவ்வாய் தெரியும் என்று அப்போது ஒரு செய்தி பரவிற்று. அது மெய்தான். ஆனால் கை மாறக் கை மாறத் தொலைநோக்கி என்ற சொல் உதிர்ந்துபோயிற்று. வானத்தில் இரண்டு நிலா தோன்றும் என்ற புரளியே மிஞ்சிற்று. அடுத்த பல வருஷங்களும் ஆகஸ்டு மாதந்தோறும் அது சுற்றி வந்தது. பாதி மெய்யைச் சொல்லி மீதியை விடுவதும் பொய்யாக முடியும் என்பதற்கு இதுவே அத்தாட்சி.

ஒரே சாட்சியைக்கொண்டு ஒருவனைக் குற்றவாளியாகத் தீர்க்கலாகாது, இரண்டு மூன்று சாட்சிகள் வேண்டும் என்பது மோயீசன் காலத்துச் சட்டம். பிள்ளைகளும் அப்படியே செய்யட்டும். ஆனால் ஒன்றைப் பார்த்துப் பத்துப் பேர் எழுதியிருந்தால் அது பத்துச் சாட்சியல்ல, ஒரே சாட்சிதான். ஆகையால் வானத்தை ஆராய்கிறவர்களிடமே போய்க் கேட்க வேண்டும். நாசா, இஸ்ரோ போன்ற நிறுவனங்கள் தாங்கள் கண்டதைத் தாங்களே வெளியிடுகின்றன. நம் திருச்சபைக்கும் வத்திக்கான் வானாராய்ச்சி நிலையம் உண்டு.

விசுவாசத்துக்கு உதவும் என்று எண்ணியும், உள்ளதைவிட அதிகம் சொல்லலாகாது. பிரபஞ்சம் விரிந்துகொண்டே போகிறது என்று 1927-ல் கணக்கிட்டு எழுதியவர் பெல்ஜிய தேசத்துக் குருவானவர் ஜார்ஜ் லெமைத்தர். 1951-ல் 12-ம் பத்திநாதர் பாப்பரசர், இப்புதிய விஞ்ஞானம் சிருஷ்டிப்புக்குச் சாட்சி பகர்வதாகப் பேசினார். லெமைத்தரோ, தம் விஞ்ஞானக் கொள்கையை வேதசத்தியத்துக்கு அத்தாட்சியாக்கலாகாது என்றே கருதினார். அவர் விசுவாசம் குன்றியவரல்ல. 1966-ல் மரிக்கும்வரை குருவாகவே வாழ்ந்தார்.

குழுவில் இன்னொரு கடமையும் உண்டு. எல்லா வீட்டிலும் செல்போன் இல்லை. இருக்கும் வீட்டிலும் ரீசார்ஜ் செய்யக் காசில்லாத நாள் உண்டு. அப்படிப்பட்ட பிள்ளையை ஒதுக்கிவிட்டு, கடைசியில் பேரை மட்டும் சேர்த்து எழுதுவது உபாத்தியாயருக்குப் பொய் சொல்லுவதாகும், ஏழைக்கும் அவமானமாகும். ஒருவன் தேடட்டும், ஒருத்தி தேதி பார்க்கட்டும், ஒருவன் இரண்டாம் சாட்சியை ஒத்துப்பார்க்கட்டும், ஒருத்தி எழுதட்டும். செல்போன் உள்ள வீட்டார் மற்றப் பிள்ளைகளையும் தங்கள் திண்ணைக்கு அழையுங்கள்.

பெற்றோரே, இப்போது உங்களைக் கேட்கிறேன். சனிக்கிரகத்தின் சந்திரர்களுக்கு உங்கள் பிள்ளை இரண்டு சாட்சி தேடுகிறான். அயல்வீட்டுப் பெண்ணைப்பற்றி வாட்ஸப்பில் வந்ததை நீங்கள் நாற்பது பேருக்கு அனுப்பினீர்களே, எத்தனை சாட்சி தேடினீர்கள்? சந்திரர்களின் தொகை பிசகினால் அழித்து எழுதலாம். ஒரு பெண்ணின் நல்ல பேர் போனால் எங்கே தேடுவது? பிறர் பேரைக் கெடுத்தவன் பாவசங்கீர்த்தனம் செய்தால் மட்டும் போதாது. கெடுத்த பேரைத் தன்னால் இயன்றமட்டும் மீட்டுக்கொடுக்கவும் கடமைப்பட்டிருக்கிறான். அனுப்பிய நாற்பது பேருக்கும், நான் சொன்னது தவறு என்று மறுபடியும் அனுப்புங்கள்.

கீழ்த்திசை ஞானிகள் நட்சத்திரத்தைக் கண்களால் கண்டார்கள். கண்டும், யெருசலேமுக்கு வந்தபோது, பிறந்தவர் எங்கே என்று விசாரித்தார்கள். விசாரிக்க அவர்கள் வெட்கப்படவில்லை. திவ்விய பாலகனையும் கண்டடைந்தார்கள். இந்த வாரம் ஒருநாள் இரவு, ஜெபமாலை முடிந்தபின் பிள்ளைகளோடு முற்றத்தில் நின்று வானத்தைப் பாருங்கள். அவர்கள் தேடியதைச் சொல்லச் சொல்லிக் கேளுங்கள். இது உனக்கு எப்படித் தெரியும் என்றும் அன்போடு கேளுங்கள்.

சத்தியமே உருவான சேசுநாதர் நம் நாவையும் நம் வீடுகளையும் காப்பாராக. ஆமென்.

உங்கள் பங்குக்குரு