வளையமும் அடக்கமும்

மக்கள் உடம்பு உணவின்றி நிலைபெறாது. அவ்வுணவே அளவிகந்தவழி அவ்வுடம்பிற்குப் பகையுமாகும். திருவள்ளுவர் மருந்து என்னும் 95-ஆம் அதிகாரத்துப் பத்துக் குறளுள் ஆறனை உண்ணும் முறைக்கே வகுத்தமையும் இதுபற்றியேயாம். அளவறிந்து உண்டல் அறிவுடையார் கடன் என்பதில் ஐயமின்று. ஆயின், அவ்வளவைத் தாமே காக்கமாட்டாதார் ஒருவர் தம் இரைப்பையில் ஒரு வளையத்தைப் பூட்டுவித்துக்கொண்டு, அதன் உதவியாற் குறைய உண்பாராயின், அஃது அடக்கம் என்னும் பெயர்க்கு உரியதாமோ, ஆகாதோ? இவ்வினா வெறுஞ் சொல்லாராய்ச்சியன்று. அவ்வளையம் பூண்டார் பிறர் வாயிற் கேட்டு நாணுவதும், உண்கலத்தின் முன்னிருந்து தம்முள் வினவி வருந்துவதும் இதுவேயாகலின், இதனை ஆராய்தல் வேண்டற்பாலதாயிற்று.

அவ்வளையத்தின் இயல்பு முதற்கண் அறியத்தக்கது. உடற்பருமன் மிக்கு, அதனால் நீரிழிவு, குருதியழுத்தம், மூட்டுநோய் முதலியவற்றால் வருந்துவார்க்குச் செய்யப்படும் அறுவை மருத்துவ வகைகளுள் இஃதொன்று. இறுக்கவும் தளர்த்தவும் ஆகுமாறு சிலிக்கோனால் இயன்ற வளையத்தை 1986-இல் அமெரிக்க நாட்டில் குஸ்மாக் என்னும் மருத்துவர் பொருத்தினார். எத்தியோப்பியாவிற் பிறந்து பெல்ஜியத்தில் அறுவை மருத்துவராய் விளங்கிய பெலாச்சு என்பார், 1993-இல், வயிற்றை அகலக் கீறாது சிறு துளைகளின் வழியே அதனைப் பொருத்திக் காட்டினார். இரைப்பையின் மேற்பகுதியை இவ்வளையம் சூழ்ந்து நிற்ப, அதற்குமேல் ஒரு சிறு பை உண்டாகும். அது கொள்வது ஒன்றிரண்டு மேசைக்கரண்டி அளவே. வளையத்தினின்று செல்லும் மெல்லிய குழாய் தோலின்கீழ்ப் புதைத்த சிறு வாயில் ஒன்றை அடையும். அதனுள் ஊசியால் உப்புநீர் செலுத்தின் வளையம் இறுகும், வாங்கின் தளரும். இரைப்பையில் யாதும் அறுத்து நீக்கப்படுவதின்று.

இனி, வளையம் பூண்டார் வாழ்க்கை எத்தகைத்தெனின், கூறுதும். முதல் இரண்டு வாரம் நீர்த்த உணவும், அதன்பின் மசித்த உணவும், அதன்பின் மெல்லிய திண்ணுணவும் என முறையே ஏறிச்செல்லல் வேண்டும். ஏறக்குறைய ஐந்தாறு வாரங் கழிந்த பின்னரே முதன்முறை உப்புநீர் செலுத்தப்படும். அதன்பின், பிறந்த நாள்தொட்டுச் செய்துவந்த உண்ணுதற்றொழிலை அவர் புதிதாகக் கற்கப் புகுகின்றார். சிறு கவளமாக எடுத்தல், கூழாகுமாறு மெல்லுதல், ஒரு கவளத்திற்கும் மற்றொன்றற்கும் இடையே ஒரு நிமிடமேனும் பொறுத்தல், உண்ணும்போது நீர் பருகாமை, பசி தணிந்தவுடன் கலத்தில் எஞ்சியதை விட்டெழுதல் என்பன அக்கல்வியின் பாடங்களாம். விரைந்து விழுங்கிய ரொட்டியோ உலர்ந்த இறைச்சியோ வளையத்தின்மேற் சிக்கிக்கொள்ளுமாயின், நெஞ்சு அடைத்து வலியெடுக்கும், வாயில் நீரூறும், விழுங்கியது மீண்டுவரும். விருந்தினர் அனைவரும் உண்டு மகிழ்ந்திருக்க, இவர் ஒருவர் மட்டும் எழுந்து மறைவிடந் தேடும் நிலை நேர்தலும் உண்டு. இவற்றினும் பெரியதோர் இழப்பு அகத்தே நிகழ்வது. துன்பம் வந்துழியெல்லாம் உணவால் ஆறுதல் பெற்றுப் பழகியவர்க்கு அவ்வாறுதல் நீங்குகின்றது, துன்பமோ நீங்குகின்றிலது.

ஈண்டு ஒரு சாரார், "கட்டிய ஆடு பயிரை மேயாமை அதன் அறமாகாது, அதுபோல, வளையம் தடுப்பக் குறைய உண்டல் அடக்கமாகாது," என்பர். அவர் கூற்று இருவாற்றானும் பொருந்தாது. ஒன்று, உடற்பருமன் பேருண்டி ஒன்றானே வருவதன்று. பெற்றோர்வழி வரும் இயல்பும், உடம்பினுட் சுரக்கும் நீர்களின் தொழிலும், வாழுஞ் சூழலும் அதற்குக் காரணமாவன. உணவைச் சுருக்கி உடம்பு மெலிந்தவழி, அவ்வுடம்பு தானே பசியை மிகுவித்துத் தன் செலவைக் குறைத்து, இழந்ததை மீட்க முயலும். நோன்பு நோற்பார் சின்னாட் பொறுக்கும் பசியை இவர் ஆண்டுகள் பலவாகப் பொறுத்தும் தோற்றவராவர். ஆஸ்திரேலியாவில் மெல்போர்ன் நகரத்து மருத்துவர் பால் ஓ'பிரையன் முதலாயினார், வளையம் உணவை அடைத்து நிறுத்துவதினும், இரைப்பையின் மேற்பகுதி நரம்புகளை அழுத்தி நிறைவுணர்ச்சியைத் தருதலானே பயன் செய்கின்றது எனக் கூறுவர். மற்றொன்று, ஆடு தன்னைத் தானே கட்டிக்கொண்டதன்று. தம் வலியின் எல்லையைத் தாமே உணர்ந்து, அதனைப் பிறரறிய ஒப்புக்கொண்டு, தம்மைக் கட்டுமாறு தாமே வேண்டினார் இவர். செருக்குடையார்க்கு அச்செயல் அரிது.

மற்றொரு சாரார், "அங்ஙனமாயின் வளையமே எல்லாம் முடித்துவிடும், இவர் செய்யக்கடவது யாதுமின்று," என்பர். இஃதும் அனுபவத்தொடு மாறுகொள்ளும். என்னை? ரொட்டியைத் தடுக்கும் அவ்வளையம் ஐஸ்கிரீமைத் தடுப்பதின்று. உருகும் சாக்கொலேட்டும் இனிப்புப் பானமும் அதனூடே எளிதின் வழுக்கிச் செல்லும். வளையம் உணவின் திண்மையை அறியுமன்றி அதன் தீமையை அறியாது. தம்மைத் தாமே வஞ்சிக்கத் துணிந்தார்க்கு அது திறந்த வாயிலே. நிறைந்த பின்னும் மேன்மேலும் திணிப்பின், மேலுள்ள பை விரியும். வளையம் இடம்பெயர்தலும் கூடும்.

இவ்விரு சாராரும் காரணங்களைப் பகுத்தறியாமையான் மயங்கினர். குடத்திற்கு மண் முதற்காரணம், திரிகை துணைக்காரணம், குயவன் நிமித்தகாரணம். திரிகை சுழன்றமையாற் குடம் குயவன் செய்தது அன்று என்பார் இலர். திரிகையே குடத்தைச் செய்தது என்பாரும் இலர். அவ்வாறே உண்ணும் இயல்பு முதலாக, வளையம் துணையாக, அதனைப் பூண்டவர் நிமித்தமாக வைத்து ஆராய்க. குயவன் கை மண்ணைத் தொடும் இடம் ஈண்டு யாது? ஒரு கவளத்திற்கும் மற்றொன்றற்கும் இடைப்பட்ட அவ்வொரு நிமிடமே. முன்னர் விருப்பமும் செயலும் இடையீடின்றி நிகழ்ந்தன. இப்போது அவற்றினிடையே ஒரு வெளி உண்டாயிற்று. வளையம் தந்தது அவ்வெளி ஒன்றே. கையை மீண்டும் நீட்டத் தூண்டுவது பசியோ, கவலையோ, தனிமையோ, பழக்கமோ என அவ்வெளியில் நின்று நோக்குதல் அவர் தொழில். நோக்கி, பசியன்று எனத் தெளிந்து, கவலையைக் கவலையாகவே தாங்கத் தொடங்குவாராயின், அதுவே அடக்கம்.

இவ்வேறுபாடு அறிதல் இன்றியமையாதது. ஏனெனில் வளையம் என்றும் நிற்பதொன்றன்று. ஓ'பிரையன் குழுவினர் 2013-இல் வெளியிட்ட பதினைந்தாண்டு ஆய்வில், மிகையாய் இருந்த எடையில் ஏறக்குறையப் பாதி நீங்கி நின்றமை காட்டப்பட்டது. ஆயினும் வளையம் நழுவுதல், இரைப்பைச் சுவரை அரித்தல் முதலிய இடர்களால் மீண்டும் அறுவை வேண்டினார் பலர். அமெரிக்க நாட்டில் 2011-இல் உடற்பருமனுக்குச் செய்த அறுவைகளுள் மூன்றில் ஒரு பங்காக மதிக்கப்பட்ட இது, 2019-இல் நூற்றில் ஒன்றினுங் குறைந்தது. இரைப்பையின் பெரும்பகுதியை நீக்கும் முறை மேலோங்கிற்று. வளையத்தை அகற்றியவர் பலர்க்குப் பசியும் எடையும் மீண்டன. அது பற்றி அவரை இகழ்தல் அறமன்று. பசி மீளுதல் உடம்பின் தொழில். ஆயினும், பசியையும் கவலையையும் வேறுபிரித்தறியக் கற்றவர்பால் அவ்வறிவை எந்த அறுவையும் நீக்குதல் இயலாது.

கோலூன்றி நடப்பாரை நடந்திலர் என்பார் இலர். மூக்குக்கண்ணாடி அணிந்து காண்பாரைக் கண்டிலர் என்பாரும் இலர். வளையம் பூண்டார் மாட்டும் அந்நீதியே செல்லும். அவரோடு உடனிருந்து உண்பார், இன்னுங் கொள்க என வற்புறுத்தாமலும், அவர் கலத்தை உற்றுநோக்காமலும், அவர்க்கு வேண்டிய அந்நிமிடத்தை அவர்க்கே விட்டிருத்தல் வேண்டும். துணையைக் கொண்டு அடங்கினார் அடங்கினாரே என்பதும், துணையே அடக்கமாகாது என்பதும் இவற்றாற் பெறப்படும்.