தோலாசனமும் தர்ம விசாரமும்

கொல்லாமையை விரதமாகக் கொண்ட ஒரு சைவர், மாட்டுத் தோல் போர்த்த மோட்டார் வண்டியின் ஆசனத்தில் அமர்ந்து கோணேசர் சந்நிதிக்குச் செல்லலாமா என்னும் வினா, திருகோணமலைப் பட்டினத்தை அடுத்த அன்புவழிபுரத்தில் எங்கள் அயலிலுள்ள முதியோர் சிலரிடையே நெடுங்காலமாக நடந்துவரும் வாதத்துக்குப் பொருளாக இருந்து வருகிறது. அவர்களுள் ஒருவர் வாடகைக் காரில் ஏறுமுன் தம் தோளிலிருக்கும் சால்வையை எடுத்து ஆசனத்தின்மேல் விரித்த பின்னரே அமர்வார். மற்றொருவர், தோற்செருப்பணிந்து கடைத்தெருவெல்லாம் நடந்துவிட்டு ஆசனத்தில் மட்டும் ஆசாரம் பார்ப்பது எந்த நியாயத்தின்பாற் பட்டது என்று வினவுவார். இருவர் கூற்றிலும் சிரத்தை உண்டு. எனினும் தீட்டு என்னும் ஒரு கருத்தைச் சுற்றியே வாதம் சுழல்வதால், அந்தத் தோல் யாருடையது, எங்ஙனம் ஆசனமாயிற்று, எத்தனை காலம் உழைக்கும், ஏன் வெடித்துக் கிழிகிறது என்பவை ஒருபோதும் விசாரிக்கப்படுவதில்லை. தர்மத்தைப் பற்றிய கேள்வி இந்த விசாரணைக்குள்ளேதான் இருக்கிறது என்பது என் துணிபு.

உயிரோடிருக்கும் மாட்டின் தோல், கொலாஜன் என்னும் புரத நார்கள் ஒன்றோடொன்று பின்னிப் பிணைந்த ஓர் அற்புத நெசவு. உயிர் நீங்கிய சில மணி நேரத்திலேயே அழுகத் தொடங்குவதும், ஏறத்தாழ 65 பாகை செல்சியஸ் வெப்பத்தில் சுருங்கிப் போவதும் அதன் இயல்பு. அந்த இயல்பை மாற்றி, அழுகலுக்கும் வெப்பத்துக்கும் ஈடுகொடுக்கும்படி நார்களை ஒன்றோடொன்று கட்டிப் போடுவதே பதனிடுதல் என்னும் தொழில். ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை முதலிய ஊர்களில் ஆவாரம்பட்டையும் கடுக்காயும் ஊறிய தொட்டிகளில் தோலை இறக்கி இதனைச் செய்து வந்தனர். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் குரோமிய உப்பினாற் பதனிடும் முறை மேனாட்டிலே கண்டுபிடிக்கப்பட்ட பின், கொதிநீரின் வெப்பத்தையும் பொறுக்கவல்ல தோல் கிடைத்தது. சென்னையை அடுத்த குரோம்பேட்டை அம்முறையின் பெயரையே தன் பெயராகக் கொண்டு நிற்கிறது. கார் ஆசனத்துக்கான தோல் இவ்வாறு பதனிடப்பட்டு, சற்றேறக் குறைய ஒரு மில்லிமீற்றர் தடிப்புக்குச் சீவப்பட்டு, எண்ணெய் ஊட்டப்பட்டு, நிறப்பூச்சும் அதன்மேல் பொலியூரத்தேன் என்னும் மெல்லிய படலமும் பெறுகிறது. ஆகவே தோலைத் தொடுகிறோமே என்று கூசுகின்றவரும், தோலின் மென்மையை அனுபவிக்கிறோம் என்று மகிழ்கின்றவரும், உண்மையில் தொடுவது அந்தப் படலத்தையே.

இங்கே என் மனத்தை வருத்துகின்ற ஒரு செய்தி உண்டு. மாடு முள்வேலியில் உரசிய கீறல், உண்ணி கடித்த வடு, உடைமையாளன் காய்ச்சி இட்ட சூட்டுக்குறி ஆகிய யாவும் தோலிற் பதிந்திருக்கும். அந்தப் பிராணி வாழ்ந்தது என்பதற்கு அதைத் தவிர வேறு சாசனம் இல்லை. விற்பனைக்கு ஆகாத குறைகள் என்று அவற்றை ஆலையிலே தேய்த்து நீக்கி, யந்திரத்தால் ஒரே சீரான பொய்த் தோல்வரிகளை அழுத்திப் பதித்து, அதன் பின்னரே ஆசனத்துக்கு அனுப்புகின்றனர். வாங்குகின்றவன் குறையற்ற பொருள் என்று மெச்சுவது, ஓர் உயிரின் சரித்திரம் துடைக்கப்பட்ட பொருளையே.

அதன் பின் நமது சரித்திரம் அதன்மேல் எழுதப்படுகிறது. நம் நாட்டு வண்டிகளில் சாரதி வலப்புறத்தில் அமர்பவராதலால், அவர் ஏறும்போதும் இறங்கும்போதும் தொடை உராய்கின்ற வலப்புறத் திண்டின் விளிம்பே முதலில் நிறம் மங்கி, பின் வெடிக்கும். பின்னாசனமோ பெரும்பாலும் புதுமை குலையாதிருக்கும். வியர்வையின் உப்பும் உடலின் எண்ணெயும் மேற்படலத்தை இளக்குகின்றன. வைகாசி தொடங்கி ஆவணி வரை கச்சான் காற்று வீசும் நாட்களில், கண்ணாடியை ஏற்றி வெயிலில் நிறுத்திய வண்டியின் உள்ளே ஆசனம் கைவைக்க முடியாதபடி கொதித்து, தோலின் உள்ளிருக்கும் ஈரமும் எண்ணெயும் சிறிது சிறிதாக வெளியேறுகின்றன. கார்த்திகை மார்கழி மழையிலோ, கடலோரத்து ஈரக் காற்றில் மூடிக் கிடக்கும் வண்டியின் தையலோரங்களிற் பூஞ்சணம் படர்கிறது. தோல் நன்றாயிருக்க நூல் இற்றுப் பிரிவதும் உண்டு. எல்லாவற்றினும் மேலாக, உள்ளே தாங்கி நிற்கும் நுரைப்பஞ்சு அமிழ்ந்துவிட்டால், இழுத்துப் பிடிக்க ஒன்றுமில்லாத தோல் மடிந்து, மடிந்த இடத்திலேயே மீண்டும் மீண்டும் மடிந்து, அந்த வரியிலே வெடிக்கிறது. குஷன் வேலை செய்வோர், கிழிந்த தோலைக் கையிலெடுக்குமுன் பஞ்சை அழுத்திப் பார்ப்பதன் காரணம் இதுவே.

இனி, தோல் தன்னியல்பிலேயே அசுத்தம் என்று நம் முன்னோர் கொண்டனரா என்று பார்ப்போம். பகவத்கீதையின் ஆறாம் அத்தியாயம் தியானத்துக்குரிய ஆசனத்தை விதிக்கும்போது, தருப்பை, தோல், வஸ்திரம் என்னும் மூன்றையும் சேர்த்தே கூறுகின்றது. பிரமசாரிக்கு மான்தோல் உரியதாயிற்று. தவசிக்குப் புலித்தோல் பெருமை தந்தது. நாம் வழிபடும் பெருமானோ யானையை உரித்த தோலைப் போர்த்தவராகவும் புலித்தோலை அரைக்கசைத்தவராகவும் போற்றப்படுகின்றார். கோயிலிலே தவில் முழங்காமற் பூசை சிறப்பதில்லை. அதன் இரண்டு முகமும் தோல். மிருதங்கத்துக்குப் பசுவின் தோலும் எருமையின் தோலும் ஆட்டின் தோலும் வேண்டும். இவ்வளவையும் கருவறைக்கு அண்மை வரையில் ஏற்றுக்கொண்ட ஆசாரம், தோலை அசுத்தம் என்று கருதியது எனச் சொல்வது பொருந்தாது. அது அசுத்தம் என்று கருதியது தோலைப் பதனிட்ட மனிதனை. இந்த உண்மையைச் சொல்லாமல் இவ்விஷயத்தைப் பேசுவது நேர்மையாகாது.

திருநாளைப்போவார் சரித்திரத்தைச் சேக்கிழார் பாடிய பெரியபுராணத்தில், ஆதனூரில் வாழ்ந்த அந்த அடியார், சிவாலயங்களின் பேரிகைகளுக்குப் போர்வைத் தோலும், அவற்றை இறுக்கிக் கட்டும் வார்களும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுத்து வந்தார் என்று காண்கிறோம். அவர் கொடுத்தவை யாவும் உள்ளே சென்றன. அவர் வெளியே நின்றார். திருப்புன்கூரிலே நந்தி விலகியது, வெளியே நின்றவருடைய கண்ணுக்கு ஒரு வழி விடுவதற்காக. தில்லையிலோ அவர் தீயிற் புகுந்து வேறு வடிவம் பெற்றே உட்செல்ல வேண்டியதாயிற்று. அவர் உரித்துப் பதனிட்ட மாட்டின் தோல் அப்படி எந்தச் சோதனைக்கும் உட்படாமல், பேரிகையின் முகத்திலே கட்டுண்டு ஆண்டவன் முன்னிலையில் ஒலித்துக்கொண்டிருந்தது. இதனைப் பக்தியின் மகிமையென்று மட்டும் படித்துக் கண்ணீர் சொரிந்துவிட்டுப் போவதற்கு என் மனம் இடந்தரவில்லை; ஏனெனில், அந்த அநீதி புராண காலத்தோடு ஒழிந்துவிடவில்லை. இலங்கையிலே சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம் என்று ஒன்று 1957ஆம் ஆண்டில் இயற்றப்பட வேண்டியிருந்தது. அதன் பின்னரும், 1968இல் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், உள்ளே செல்லும் உரிமைக்காக மனிதர் போராட வேண்டியிருந்தது. சால்வையை விரித்து அமரும் பெரியவரிடம் நான் பணிவோடு சொல்லக்கூடியது ஒன்று உண்டு: ஐயா, சால்வை விரியுங்கள், அதனால் உங்கள் வியர்வை தோலிற் படாமல் ஆசனமும் சில ஆண்டு கூடுதலாக உழைக்கும், ஆனால் தீட்டை நினைந்து விரிக்க வேண்டாம், ஏனெனில் அந்த நினைப்பு மாட்டின் தோலோடு நில்லாமல் மனிதன் மேலும் சென்று படிகின்றது.

தீட்டு நீங்கினால் வினா தீர்ந்துவிடுமா? தீராது. உண்பார் இல்லையேல் விற்பாரும் இல்லை என்று, வாங்குகின்றவனையும் கொலையிற் பங்காளியாக்கிப் புலால் மறுத்தல் அதிகாரத்திலே வள்ளுவர் வைத்த நியாயம், தோலாசனம் வாங்குகின்றவனையும் எட்டாமற் போகாது. இறைச்சிக்காகக் கொல்லப்பட்ட மாட்டின் தோலை எவரும் வாங்காவிடின் அது வீணே அழுகிப்போகும், ஆகவே தோல் வாங்குவதிற் குற்றமில்லை என்பர் சிலர். கொலைக்குக் காரணம் இறைச்சியே என்பது பெருமளவுக்கு மெய்; ஆயினும் தோலுக்குக் கிடைக்கும் விலையும் அம்மாட்டை வளர்த்து விற்பவனுடைய கணக்கிற் சேர்வதால், பங்கு சிறிது என்று சொல்லலாமேயன்றி, பங்கே இல்லை என்று சொல்லலாகாது. தானாக இறந்த மாட்டின் தோல் என்றால் இந்தக் கணக்கு வேறு. ஆனால் பெரிய ஆலைகளிலிருந்து வருகின்ற கார்த் தோல் அப்படிப்பட்டதன்று.

இப்போது, முன்னரே செய்யப்பட்டு நம் கைக்கு வந்துவிட்ட ஆசனத்தை எண்ணுவோம். பழைய வண்டியொன்றை வாங்கியிருக்கிறோம். அதில் தோலாசனம் இருக்கிறது. உயிர் போனது போனதுதான். சைவ சித்தாந்தம் சற்காரிய வாதத்தைக் கைக்கொள்வது: உள்ளது இல்லாமற் போவதில்லை, தூலமாய் நின்றது சூக்குமமாய் ஒடுங்குகிறது. தோன்றி, நின்று, ஒடுங்கும் மூன்று நிலைகளை முன்வைத்தே சிவஞானபோதத்தின் முதற் சூத்திரத்தில் மெய்கண்டார் உலகத்துக்கு ஒரு கருத்தா உண்டு என்று நிறுவுகின்றார். அம்மூன்றினுள் தோற்றமும் ஒடுக்கமும் நம் கையில் இல்லை. இடையிலுள்ள நிலையை நீட்டவும் குறுக்கவும் ஓரளவுக்கு நம்மால் இயலும். ஓர் உயிரின் விலையாற் கிடைத்த பொருள் இருபது ஆண்டு உழைக்கவல்லதாயிருக்க, ஐந்தாண்டிலே அசிரத்தையால் அதை வெடிக்கவிட்டுக் குப்பையில் எறிந்து வேறொன்று தருவிக்கின்றவன், முதற்கொலையிலே தனக்கிருந்த சிறு பங்கை மீண்டும் ஒருமுறை எடுத்துக்கொள்கிறான். ஆகவே ஈரத் துணியால் வியர்வையைத் துடைப்பதும், வண்டியை நிழலில் நிறுத்துவதும், தையல் பிரிந்த அன்றே ஊசியிடுவதும், பஞ்சு அமிழ்ந்தவுடன் மாற்றுவதும் சிக்கனம் மாத்திரமல்ல. இறந்துபோன பிராணிக்கு நாம் காட்டக்கூடிய அகிம்சை, காலம் கடந்த அகிம்சையே ஆயினும், இந்த வடிவிலேதான் எஞ்சியிருக்கின்றது.

நம் நாடு இப்பழக்கத்தைச் சித்தாந்தத்தினால் அல்ல, நெருக்கடியினாற் கற்றது. 1977ஆம் ஆண்டுக்கு முன்னர் இறக்குமதிக் கட்டுப்பாடு கடுமையாயிருந்த காலத்தில், மொறிஸ் மைனரும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜும் மீண்டும் மீண்டும் பழுது பார்க்கப்பட்டு ஓடின. இங்கிலாந்திலே 1948இல் தொடங்கி 1971 வரையில் பதினாறு இலட்சத்துக்கு மேற்பட்ட மொறிஸ் மைனர் வண்டிகள் செய்யப்பட்டன. செய்த நாடு கைவிட்ட பின்னரும் இலங்கையிலே அவை தெருவில் நின்றன. தோல் கிழிந்த இடத்தில் றெக்சின் ஒட்டும், றெக்சின் கிழிந்த இடத்தில் துணியும் ஏற, பின்னாசனத்து நல்ல தோலை வெட்டிச் சாரதியின் ஆசனத்துக்குப் போடுவதும் உண்டு. அண்மையிலும், 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில் மீண்டும் வழி திறக்கும்வரை, இடைப்பட்ட ஆண்டுகளில் யப்பானிலிருந்து முன்னர் வந்த வண்டிகளின் ஆசனங்களை எறிய மனமின்றி மக்கள் தைத்துத் தைத்துப் பாவித்தனர். தையல் யந்திரத்தின் முன் குனிந்திருந்து அவ்வேலையைச் செய்கின்ற கைகளுக்கு நாம் கொடுக்கும் கூலியும் மரியாதையும், ஆதனூர் அடியாரை நாம் உண்மையாகவே வணங்குகிறோமா என்பதற்குச் சான்றாகும்.

பிளாஸ்டிக்குத் தோல் போட்டால் இந்தத் தொல்லை இல்லையே என்று கேட்பவர் உண்டு. உயிர்க்கொலை என்னும் அளவிலே அவர்கள் பக்கம் நியாயம் இருப்பதை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன். ஆயினும் தோல் துகள்களைப் பசையில் ஒட்டிச் செய்கின்ற மலிவுத் தோலும், மட்டமான செயற்கைத் தோலும் சில ஆண்டிலே செதில் செதிலாக உரிவதையும், உரிந்த பின் தைப்பதற்கு ஆதாரமாய் எதுவும் எஞ்சாமையையும், ஆசனமாய் உதவ மறுத்த அதே பிளாஸ்டிக்கு மண்ணில் மக்காமற் பல தலைமுறை கிடப்பதையும் அவர்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மண்ணிலும் கடலிலும் கிடக்கின்ற அந்தத் துணுக்குகளாற் பிற உயிர்களுக்கு நேரும் துன்பமும் ஹிம்சையே. நல்ல பருத்தித் துணி போர்த்த ஆசனம் நம் வெப்பத்துக்கு ஏற்றது. தோய்க்கலாம், மாற்றலாம், எந்த உயிரின் உரியும் அதில் இல்லை.

ஆதலால் இருக்கின்ற தோலாசனத்தை அதன் ஆயுள் முடியும்வரை பேணிப் பாவிப்பதையும், அதிலமர்ந்து கோணேசரிடம் போவதையும் நான் தவறென்று கருதவில்லை. புதிதாக வண்டி தருவிக்கும் சைவர் ஒருவர், துணியாசனம் கிடைக்கும்போது, கௌரவத்துக்காகக் கூடுதல் பணம் கொடுத்துத் தோலாசனம் கேட்டு வாங்குவதை மட்டும் என்னால் ஆதரிக்க இயலவில்லை. அவ்விடத்தில் உயிர் இன்னும் போகவில்லை, தெரிவு இன்னும் அவர் கையில் இருக்கிறது.